ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமே!

உலகத்தில் இதுவரை யாருமே ஆசைப்பட்டு செல்போன் வாங்கியதில்லை. நம்ப முடியவில்லையா? வாங்கிய யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். ‘எனக்கு எதுக்குங்க இதெல்லாம்... சும்மா ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னுதான்’ என்று இழுப்பார். கையில் இருப்பது ஒன்றரை லட்ச ரூபாய் போன். அப்படி என்ன தலைபோகிற அவசரமோ, அந்த முருகனுக்கே வெளிச்சம்!

சரி, செல்போன் பிறந்ததாவது ஏதாவது அவசரத்துக்கா என்று பார்த்தால், அங்கேயும் கதை கந்தல்தான். 1973, ஏப்ரல் 3. நியூயார்க்கின் ஆறாவது அவென்யூ. மோட்டோரோலா இன்ஜினீயர் மார்ட்டின் கூப்பர், 1.1 கிலோ எடையுள்ள ஒரு வஸ்துவைக் காதில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறார். கைபேசியிலிருந்து போகும் உலகின் முதல் அழைப்பு. யாருக்கு? ஆம்புலன்ஸுக்கா? தீயணைப்பு நிலையத்துக்கா? சாப்பாட்டுக்கு லேட்டாகும் என்று வீட்டுக்காவது? ஊஹூம். இதே ஆராய்ச்சியில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த போட்டிக் கம்பெனிக்காரர், பெல் லேப்ஸின் ஜோயல் ஏங்கலுக்கு! ‘நாங்க முடிச்சுட்டோம், நீங்க எப்படி?’ என்று கேட்காமல் கேட்பதற்கு. ஆக, மனித குலத்தின் முதல் செல்போன் அழைப்பே அடுத்தவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தான்.

இதில் ஏங்கல் சும்மா இல்லை. அப்படியொரு அழைப்பு வந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லையாம். கூப்பரே பிற்பாடு புலம்பியிருக்கிறார். ‘கால் பண்ணீங்களா? எனக்கு வரவேயில்லையே’ என்ற டயலாக்குக்கும் செல்போனுக்கும் ஒரே பிறந்தநாள்!

அன்றைக்கே இன்னொரு சாதனையும் நடந்தது. ஒரு ரேடியோ நிருபரோடு பேசிக்கொண்டே கூப்பர் நியூயார்க் ரோட்டைக் கடந்தார். வாழ்க்கையில் செய்த ஆபத்தான காரியங்களில் அதுவும் ஒன்று என்று பின்னால் ஒப்புக்கொண்டார். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு கத்திப்பாராவில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள், கூப்பர் படத்துக்கு ஒரு மாலை போட்டாலும் தகும். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காதே என்று கேட்டவர்களுக்கும் கூப்பரிடம் பதில் இருந்தது: இந்தக் கனத்தை அவ்வளவு நேரம் யாராலும் தூக்கிப் பிடிக்க முடியாது, அதனால் பிரச்னையே இல்லை!

எஸ்.எம்.எஸ்.ஸாவது? 1992, டிசம்பர் 3. பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற இளைஞர் கம்ப்யூட்டரில் தட்டி, வோடஃபோன் அதிகாரி ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு அனுப்பிய முதல் செய்தி, கிறிஸ்துமஸ் வாழ்த்து. பண்டிகைக்கு இன்னும் 22 நாள் இருக்கிறது ஐயா! அப்படி என்ன முந்திக்கொண்டு? ஜார்விஸ் பதில் வாழ்த்து அனுப்பவில்லை. அவர் போனில் எழுத்து தட்டவே வசதி கிடையாது. பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்ததற்கு நியாயமான காரணம் வைத்திருந்த முதலும் கடைசியுமான மனிதர் அவர்தான்.

அடுத்து நம் நாடு. 1995, ஜூலை 31. கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. நெட்வொர்க் யாருடையது? மோடி என்ற முதலாளியும் டெல்ஸ்ட்ரா என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியும் கூட்டு. முதலாளித்துவத்தின் அதிநவீனப் பொம்மையை இந்தியாவிலேயே முதலில் தொட்டுத் திறந்துவைத்தவர், அக்மார்க் கம்யூனிஸ்ட்! கார்ல் மார்க்ஸ் இருந்திருந்தால் ரோமிங்கில் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.

அந்தக் காலத்துக் கட்டணத்தைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். நிமிடத்துக்கு 8 ரூபாய் சொச்சம். பிஸியான நேரத்தில் அதுவே இரண்டு மடங்கு. கூப்பிட்டால் மட்டுமல்ல, யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நம் காசுதான். இந்த ரேட்டில் நிம்மதியாகப் பேசக்கூடியவர் நாட்டில் ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த முதல் அழைப்பை வாங்கிப் பேசினாரே, அதே சுக்ராம். மறு வருடமே சி.பி.ஐ. ரெய்டில் அவர் இடங்களிலிருந்து 3 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்தார்கள்.

எங்கள் குடும்பத்தின் முதல் செல்போன் சித்தப்பாவுடையது. பாரிமுனையில் பைப் வியாபாரம். அப்போது சென்னைக்கு ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டே கம்பெனிகள். ஒரு ஸ்கூட்டர் வாங்குகிற காசைக் கொட்டி செட் வாங்கினார். கறுப்புத் தோல் பவுச்சில் போட்டு பெல்ட்டில் மாட்டினார். அதுவரை பெல்ட்டே போடாதவர், போனை மாட்டுவதற்காகவே பெல்ட் வாங்கினார். பெல்ட் மாட்ட வேட்டி சரிப்படாது என்று பேன்ட்டுக்கும் மாறினார். ஓர் அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று வாங்கிய போன், மனிதரின் இடுப்புக்குக் கீழே மொத்தத்தையும் மாற்றிவிட்டது.

அந்தப் போன் அடிக்கும்போது பார்க்க வேண்டுமே! சித்தப்பா அதைப் பவுச்சிலிருந்து உருவுவார். கையை நீட்டி, நம்பரைக் கடைப்பையன் முதல் கஸ்டமர் வரை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சுற்று காட்டுவார். பிறகு சட்டென்று கட் செய்துவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, ஒரு ரூபாய் காயினைப் போட்டுத் திரும்பக் கூப்பிடுவார். அந்த பூத்காரருக்கு சித்தப்பாவைவிட விசுவாசமான வாடிக்கையாளர் கிடையாது. மொபைல் போன் என்றால் நடமாடும் போன் என்று நாம் நினைத்தோம். போன் வைத்திருப்பவரை நடமாட வைப்பது என்று அப்புறம்தான் தெரிந்தது.

2003-ல் அந்தக் கொடுமைக்கு முடிவு வந்தது. வருகிற அழைப்புக்குக் காசில்லை. அதே வருடம் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கையில் போன், மிச்சம் தவணையில் என்று அறிவித்தது. போஸ்ட் கார்டு விலையைவிட மலிவாக இந்தியன் போனில் பேச வேண்டும் என்பது திருபாய் அம்பானியின் கனவாம். பெரிய மனிதர், பெரிய கனவு. ஆனால் இந்தியனைச் சரியாக எடை போடவில்லை. போஸ்ட் கார்டைவிட மலிவான ஒன்றை நாம் ஏற்கெனவே கையில் வைத்திருந்தோம். அதன் பெயர் மிஸ்டு கால்.

மிஸ்டு கால் ஒரு தனி மொழி. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு என்றால் கீழே இறங்கி வா. மூன்று என்றால் வீட்டில் அப்பா இருக்கிறார், கூப்பிட்டுத் தொலைக்காதே. எதிராளி தப்பித்தவறி எடுத்துவிட்டால், ‘ஏண்டா எடுத்த? அறிவில்ல? ஒரு ரூபா போச்சு!’ என்று திட்டுவதற்கு இன்னொரு ரூபாயைச் செலவழிப்போம். சிரிக்காதீர்கள். இந்தக் கஞ்சத்தனத்தை ஒரு பெங்களூர்க் கம்பெனி பிசினஸாகவே மாற்றியது. ஜிப்டயல் என்று பெயர். 2015-ல் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கியது. பேசாமல் இருந்ததற்கே காசு பார்த்த ஒரே தேசம் நாமாகத்தான் இருப்போம்.

இப்போது எழுந்து நின்று மரியாதை செய்யுங்கள், நோக்கியா வருகிறது. 1865-ல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாக ஆரம்பித்த கம்பெனி. பேப்பர், ரப்பர் பூட்ஸ், டயர், கேபிள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் விற்றது. டாய்லெட் பேப்பரும் உண்டு. இன்றைக்கு முக்கால்வாசிப் பேர் போனோடு போய் உட்காரும் இடத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் அப்போதே ஒரு பூர்வஜென்ம பந்தம் இருந்திருக்கிறது.

ஊரையே எழுப்பிய அந்த நோக்கியா ட்யூன், ஃபிரான்சிஸ்கோ தாரெகா என்ற ஸ்பானியக் கிட்டார் மேதை 1902-ல் எழுதிய ‘கிரான் வால்ஸ்’ என்ற இசையிலிருந்து வெட்டியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கனவான்கள் கண்மூடி ரசிக்க வேண்டிய சங்கீதம். அது நம் ஊரில் எங்கே ஒலித்தது? சாவு வீட்டில், சரியாக எல்லோரும் மௌனமாக இருக்கும்போது. பந்தலில் இருந்த இருபது பேரும் ஒரே நேரத்தில் பாக்கெட்டைத் தடவினார்கள். அத்தனை பேருக்கும் அதே ட்யூன். நல்லவேளை, தாரெகா 1909-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் முதல் போன் 3310. ரிட்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2000-ல் வந்த அந்த மாடல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் விற்றது. கீழே விழுந்தால் போன், பேட்டரி, பின் மூடி என்று மூன்றாகப் பிரியும். பொறுக்கி எடுத்து மாட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கை குலுக்கிக்கொண்டு ஆன் ஆகும். தரைக்கு அடிபட்டிருக்கிறதா என்று மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும். இன்றைய போன்கள் அப்படியா? முறைத்துப் பார்த்தாலே டிஸ்பிளே போய்விடுகிறது.

அடுத்தது மகாராஜா 1100. விலை மலிவு, தூசி புகாத கீபேட், உச்சந்தலையில் ஒரு டார்ச் லைட். 25 கோடிக்கு மேல் விற்று, உலகத்திலேயே அதிகம் விற்ற போன் என்று பெயர் வாங்கியது. உலகின் தலைசிறந்த இன்ஜினீயர்கள் கூடித் தகவல் தொடர்பில் புரட்சி செய்துகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டு மக்களாகிய நாம், பன்னிரண்டு மணி நேர கரண்ட் கட்டில் அதை வைத்துத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் 6600. முட்டை வடிவம், கேமரா, ப்ளூடூத். கேமரா எத்தனை மெகா பிக்சல்? ஒன்றுகூட முழுசாக இல்லை, 0.3! அதில் எடுத்த படத்தில் நிற்பது மாப்பிள்ளையா, மாப்பிள்ளை வந்த காரா என்று பட்டிமன்றம் நடத்தலாம். ப்ளூடூத் கதை அதைவிடப் பரிதாபம். பத்தாம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த டென்மார்க்கை ஒன்றாக்கிய ஹரால்ட் ப்ளூடூத் என்ற வீராதிவீர மன்னரின் பெயர் அது. அவர் ஒரு நாட்டையே இணைத்தார். நாம் அவர் பெயரைச் சொல்லித் தாம்பரம் பஸ்ஸில் குத்துப்பாட்டு ஏற்றிக்கொண்டோம். ‘மச்சான், கிட்ட வாடா, கனெக்ட் ஆவல’ என்று போனும் போனும் முத்தமிட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியதில், மன்னர் நினைத்ததைவிட அதிகமான ஒற்றுமை ஏற்பட்டது உண்மை.

2007 ஆகஸ்ட்டை மறக்க முடியுமா? பி.எல்-5சி என்ற பேட்டரியில் 4 கோடியே 60 லட்சம் சூடாகலாம், மாற்றித் தருகிறோம் என்று நோக்கியா அறிவித்தது. ‘சூடாகலாம்’ என்று கிளம்பிய செய்தி, எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் ‘வெடிக்கும்’ என்றாகிவிட்டது. என் அத்தை பேட்டரியைக் கழற்றி முறத்தில் வைத்து, முறத்தை மொட்டை மாடி நடுவில் வைத்து, மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். மாமா மட்டும் வீரர். பேட்டரியோடுதான் பேசுவேன் என்று அடம்பிடித்தார். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். தெருவுக்கே எங்கள் வீட்டு ரகசியங்கள் தெரியவந்தது அந்த மாதத்தில்தான்.

நோக்கியாவின் ஆட்சியை அசைக்க ஒரு படை கிளம்பியது. சீனாவில் செய்து, பர்மா பஜாரில் இறங்கி, நம் ஊரில் ‘கொரியன் செட்டு’ என்று பெயர் வாங்கிய படை. நான்கு ஸ்பீக்கர், இரண்டு சிம், இழுத்தால் நீளும் டி.வி. ஆன்டெனா. முதுகில் ‘நோக்லா’ என்று எழுதியிருக்கும். டவுன் பஸ்ஸில் அது அடித்தால் டிரைவர் பிரேக் போடுவார். இத்தனை இருந்த செட்டுக்கு, ஒரு போனுக்கு அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் மட்டும் ஒழுங்காக இருக்காது. 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு அந்த மாதிரி போன்களின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது அரசாங்கம். நள்ளிரவில் ‘இனி செல்லாது’ என்று நம்மைப் பழக்கிய முதல் பாடம் அது. நோட்டெல்லாம் பிறகுதான்.

ஆபீஸ் பெரிய மனிதர்களுக்கு வேறு பொம்மை. பிளாக்பெர்ரி. அதன் முழுச் சிறப்பும் மெயிலின் கடைசி வரியில் இருந்தது. மேனேஜர் ‘ஓகே’ என்று ஒரே வார்த்தையில் பதில் போடுவார். கீழே, ‘சென்ட் ஃப்ரம் மை பிளாக்பெர்ரி’ என்று நான்கு வார்த்தை. மெயிலைவிடக் கையெழுத்து நான்கு மடங்கு. ஆபீஸை விட்டுக் கிளம்பியும் வேலை தன்னை விடவில்லை என்பதை மனிதன் பெருமையாக விளம்பரம் செய்துகொண்டது சரித்திரத்தில் அப்போதுதான்.

2007-ல் ஐபோன் வந்தபோது மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் டி.வி. பேட்டியிலேயே சிரித்தார். 500 டாலரா? அதில் கீபோர்டுகூட இல்லையே! அவர் சிரித்தது தப்பில்லை. சிரித்த பிறகு செய்ததுதான் வேடிக்கை. அதே ஐபோன் அலையில் மூழ்கிக்கொண்டிருந்த நோக்கியாவின் போன் பிரிவை, 500 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து அவர் காலத்திலேயே விலை பேசினார்கள். 2015-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்கில் 760 கோடி டாலரை நஷ்டமென்று எழுதித் தள்ளியது. 500 டாலர் போன் அநியாய விலை என்று சிரித்த சிரிப்புக்கு இவ்வளவு செலவு.

இந்த அமர்க்களத்தில் அடிபட்டது நம் ஸ்ரீபெரும்புதூர். 2006-ல் ஆரம்பித்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஷிஃப்ட் பஸ் ஏறிப்போய் போன் செய்த நோக்கியா தொழிற்சாலை, வருமான வரிச் சண்டையில் சிக்கி விற்பனையில் சேராமல் தனியே நின்று, 2014 நவம்பரில் கதவை மூடியது. இப்போது அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறார்கள். பால்மர் அந்தப் பக்கம் வந்தால் சிரிக்க வேண்டாம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவைத்தால் தேவலை.

சரி, உலகத்தார் முட்டாள்தனத்தையே பேசினால் நம் மனம் புண்படும். 2016 பிப்ரவரிக்கு வருவோம். 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன்! நொய்டாவில் ஒரு கம்பெனி அறிவித்தது. மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி விழாவுக்கே வந்திருந்தார். பதிவு ஆரம்பித்ததும் வெப்சைட் படுத்துவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த மாதிரி போனைச் சுரண்டிப் பார்த்தால், ‘ஆட்காம்’ என்ற வேறு கம்பெனியின் பெயர். மேலே ஒயிட்னர் பூசி மறைத்திருந்தார்கள்! ஆமாம் ஐயா, பரீட்சைப் பேப்பரில் பூசுவோமே, அதே ஒயிட்னர். நல்ல பவர் பேங்க்கே 251 ரூபாய்க்குக் கிடைக்காத தேசத்தில், கோடிக்கணக்கானவர்கள் பதிவு செய்ததாகக் கம்பெனி சொன்னது. ஒயிட்னர் பூசியது அவர்கள்தான். கண்ணை மூடிக்கொண்டது நாம்.

அதே வருடம் சாம்சங் நோட் 7 தீப்பிடிக்கிறது என்று விமானங்களில் பெயர் சொல்லி அறிவித்தார்கள். நடுவே செப்டம்பரில், சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் ஒரு பயணியின் பை புகைந்தது. உள்ளே இருந்தது பழைய நோட் 2. ஊழியர்கள் அதை எடுத்துக்கொண்டு டாய்லெட்டுக்கு ஓடி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் முக்கினார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொட்டிய போனை டாய்லெட் தண்ணீரில் போட நமக்கெல்லாம் கை தவற வேண்டியிருக்கிறது. அவர்கள் கடமையாகவே செய்துவிட்டார்கள்.

ஒரே ஒரு முறை நிஜமாகவே அவசரம் வந்தது. 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். எங்கள் ஃப்ளாட்டில் வீட்டுக்கு மூன்று ஸ்மார்ட்போன். கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை, பாதி கம்பெனிக்கு டவரும் இல்லை. எந்தக் கேமராவுக்கு எத்தனை மெகா பிக்சல் என்று லிஃப்டில் சண்டை போடும் ஆட்கள் எல்லாம், மொட்டை மாடியில் வாட்ச்மேன் அண்ணன் முன்னால் வரிசையில் நின்றார்கள். அவர் கையில் ஒரு பழைய பட்டன் போன். ஒரு புள்ளி டவர், இரண்டு கட்டை சார்ஜ். ‘ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் சார். நலம் மட்டும் சொல்லுங்க, கதை வேணாம்’ என்று கறாராகச் சொல்லிவிட்டார். தண்ணீர் வடிந்த பத்தாவது நாள், அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் போன் கடைக்கு ஓடினார்கள். பட்டன் போன் வாங்கவா? சேச்சே. ‘இது வாட்டர் ப்ரூஃபா?’ என்று கேட்க.

போன் கடை என்றதும் ஞாபகம் வருகிறது. அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். புது போனுக்குக் கலர் தேர்ந்தெடுப்பது, பெண் பார்ப்பதைவிடப் பெரிய சடங்கு. கடல் நீலமா, காலை நேரத்துத் தங்கமா? வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்போம். மனைவிக்கு வீடியோ காலில் காட்டுவோம். மச்சானிடம் அபிப்பிராயம் கேட்போம். இரண்டு மணி நேரம் கழித்துத் தங்கம் என்று முடிவாகும். பில் போட்டு முடித்த அடுத்த நிமிடம், கடைப்பையன் ஒரு கறுப்பு பேக் கவரை எடுத்து டப்பென்று மாட்டுவான். தங்கம் உள்ளே போய்விடும். அதை நாம் அடுத்து பார்ப்பது மூன்று வருடம் கழித்து, எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்காகக் கவரைக் கழற்றும்போதுதான். ‘பாடி புதுசு மாதிரி இருக்கே சார்’ என்று கடைக்காரர் பாராட்டுவார். பாராட்டிவிட்டு, எழுநூறு ரூபாய் தருவார்.